மைக்காரர் பேசுகிறார்

"என் சம்சாரம் இருக்காளே... கண்ணாடியைத் தலையில ஏத்தி வெச்சுக்கிட்டு, வீடு பூரா கண்ணாடியைத் தேடுவா! நாமளும் அப்படித்தான். ஆனந்தத்தை உள்ளே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறோம்!"

ஒலிபெருக்கியில் இதைக் கேட்டதும், தபால் ஆபீஸ் வேலை அன்றைக்குச் சீக்கிரம் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

அது அவள் கண்ணாடி. அவள் புருஷன் சொல்கிற கதை. இருபது வருஷமாக வாராவாரம் எதிரே இருக்கும் இந்த மண்டபத்தில் ஆன்மிகச் சொற்பொழிவு செய்தவர் அவர்தான்.

ஆனால் குரல் அவருடையது இல்லை. அவருக்குக் குரலே இல்லை. மூணு மாசத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது எது கேட்டாலும் சிலேட்டில்தான் எழுதிக் காட்டுகிறார்.

மண்டபத்துக்குள் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

மேடையில், அவர் நாற்காலியில், மைக்காரர்!

இருபது வருஷமாக ஒயர் இழுத்து, மைக் மாட்டி, மறுபடி கழற்றிக்கொண்டு போகிறவர். 'ஹலோ... ஹலோ... ஒன் டூ த்ரீ' தவிர வேறொரு வார்த்தை அவர் இந்த மண்டபத்தில் பேசி அவள் கேட்டதில்லை.

"சுகம் வந்தா மேலே, துக்கம் வந்தா கீழே. ஏறி இறங்கறது லிஃப்ட்தான்! உள்ளே நிக்கிற ஆத்மா ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. அதைத் தெரிஞ்சுக்கிட்டவன் எந்த மாடியிலயும் சிரிச்சுக்கிட்டே நிப்பான்!"

கூட்டம் கைதட்டியது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சிரிப்பாம் சிரிப்பு! வீட்டில் ஒருத்தர் சிரிக்கிறது போதாதா? 'இனிமே பேச முடியாது'ன்னு டாக்டர் சொன்ன அன்றைக்கும் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே எழுதிக் காட்டினார்: 'இனிமே உனக்கு நிம்மதி!' சிலேட்டைப் பிடுங்கி வீசி எறிந்தாள். அவர் எழுந்து போய் எடுத்து வந்து, துடைத்துவிட்டு, மறுபடியும் சிரித்தார். மூணு மாசமாக ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. கல்லா, மனுஷனா?

கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்னால் போனாள். மைக்காரர் குந்தி உட்கார்ந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கம்மா. ஐயா சௌக்கியமா?"

"ஐயா சௌக்கியமாவா? அவர் எப்ப சாய்வார், திண்ணை எப்ப காலியாகும்னு காத்துக்கிட்டிருந்தியா?"

இதுவரை அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"அம்மா..."

"பேசாதே! என் சம்சாரமாம்! கல்யாணமே ஆகாத உனக்கு ஏதுய்யா சம்சாரம்? அவர் கதையைத் திருடினே, அவர் நாற்காலியைத் திருடினே, என்னையுமா திருடுவே?"

மைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒயர் மாட்டறவன் ஒயர் மாட்டணும். நாலு எழுத்து படிச்சிருக்கியா? ஆத்மாவாம், லிஃப்டாம்! ஒரு வேதனையாவது உனக்குத் தெரியுமா? குரல் போன மனுஷன் தண்ணி வேணும்னாக்கூட டம்ளரைத் தட்டித் தட்டிக் கேக்கறார். பக்கத்துல நின்னு பார்த்திருக்கியா?"

"தப்புதாம்மா."

"தப்புதாம்மாவா? அவ்வளவுதானா? வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்யா! மேடையில ஒரு மணி நேரம் கிழிச்சியே!"

அவர் கையிலிருந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டே நின்றார். அது அவள் கோபத்தை இன்னும் ஏற்றியது. மைக் பெட்டியின் மேல் ஒரு நோட்டு இருந்தது. திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தாள். வலப்பக்கம் சாய்ந்த, பொடிப்பொடி எழுத்து. அவள் புருஷனின் எழுத்து.

"அட பாவி! வீடு புகுந்து நோட்டையே தூக்கிட்டு வந்துட்டியா?"

"அம்மா, அதை மட்டும் குடுத்துடுங்க. ஐயா..."

"கையை எடு!"

பக்கங்களை விறுவிறுவென்று புரட்டினாள். லிஃப்ட் இருந்தது. கண்ணாடி இருந்தது. 'இங்கே நிறுத்து, சிரிக்க விடு' என்று ஓரத்தில் குறிப்புகூட இருந்தது. போலீஸுக்கே போகலாம் என்று நினைத்தபடி அந்தச் சொற்பொழிவின் முதல் பக்கத்துக்கு வந்தாள்.

மேலே தேதி போட்டிருந்தது.

இன்றைய தேதி. நேரம், காலை பத்து மணி. அவள் ஆபீஸுக்குக் கிளம்பிப் போன அரை மணியில்.

முந்தைய சொற்பொழிவைப் பார்த்தாள். போன வாரத் தேதி. அதற்கு முந்தையது, அதற்கு முந்தைய வாரம். எல்லாமே அவள் வீட்டில் இல்லாத நேரம்.

மைக்காரரைப் பார்த்தாள். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

நோட்டின் பின் அட்டைக்குள் மடித்து வைத்த ஒரு தாள் கீழே விழுந்தது. எடுத்துப் பிரித்தாள். அதே எழுத்துதான்.

'மைக்காரரே, மேடை ஏற மாட்டேன்னு நீ அழுதது போதும். இத்தனை நாள் பேசினதும் நான் இல்ல, பேச வெச்சவன். அவனுக்கு எந்தத் தொண்டையா இருந்தா என்ன? ஒருநாள் என் வீட்டுக்காரி உன்னை அந்த நாற்காலியில பார்த்துடுவா. வாய்க்கு வந்தபடி பேசுவா. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாதே. இந்த நிலைமையிலும் எப்படிச் சிரிக்கறீங்கன்னு கேட்டியே, ஞானம்னா நெனச்சே? நான் அழ வேண்டியதையெல்லாம் கோபமா அவ அழுதுட்டிருக்காய்யா.'