பாசம்தான் விலை

“நெலத்துல பொம்பளப் பங்கப் பிரிங்க. இன்னைக்கே பிரிங்க.”

‘போற எடத்துல பங்குங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாது’ என்று மேலூரில் பஸ் ஏற்றிவிடும்போது அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மதுரைக்கு வந்து வக்கீல் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் முனீஸ்வரி அதைத்தான் முதலில் கேட்டாள்.

“காலேஜ் படிச்ச கொழுப்பு சார்” என்றான் முத்துப்பாண்டி.

பேனாவைப் பிடித்திருந்த அவன் அக்கா தங்கப்பொண்ணு பதறினாள். “விடு முனீசு. தம்பிக்குத்தான குடுக்குறேன். ரோட்டுக்கா போகுது?”

புருசன் விட்டுப் போனதிலிருந்து எழுமலையில் இப்போது எழுதிக் கொடுக்கிற கிணற்றுத் தோட்டத்துக் கத்தரிக்காயை விற்றுத்தான் அவள் வயிறு நிறைகிறது.

வக்கீல் சூரியபிரகாஷ் சிரித்தார். “தப்பா ஒண்ணும் எழுதலம்மா. ‘இன் கன்சிடரேஷன் ஆஃப் லவ் அண்ட் அஃபெக்‌ஷன்.’ தம்பி மேல உள்ள பாசத்த மனசுல வச்சு விட்டுக்குடுக்குறாங்க. அம்புட்டுதான்.”

“அது வீட்டுல பேசுற இங்கிலீஷ் சார். பத்திரத்துல கன்சிடரேஷன்னா வெல. தோட்டத்தக் குடுத்துட்டு, அதுக்கு வெலையா பாசத்த வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடச் சொல்றீங்க. நாளைக்கு அரிசிக் கடையில பாசத்த நீட்டுனா அரிசி அளப்பானா?”

வக்கீல் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“ரிலீஸ்னு மேல போட்டிருக்கே, அதையும் சொல்லுங்க” என்றாள் முனீஸ்வரி. “ ஒரு தடவ விட்டா விட்டதுதான். திரும்ப வராது.”

தங்கப்பொண்ணு தம்பியைப் பார்த்தாள். “கல்யாணம் முடியிற வரைக்கும்தான்னு சொன்ன?”

முத்துப்பாண்டி யார் முகத்தையும் பார்க்கவில்லை. “நெலம் முழுக்க என் பேருல இருந்தாத்தான் கல்யாணம்னு பொண்ணு வீட்டுல சொல்றாக. நான் என்ன செய்யட்டும்? போடுக்கா.”

முனீஸ்வரி தங்கப்பொண்ணின் விரல்களைப் பிரித்துப் பேனாவை எடுத்தாள். மூடி போட்டு வக்கீல் மேசையில் வைத்தாள்.

“பொண்ணு வீட்டுல சொல்றதுக்கெல்லாம் இவுக தெருவுல நிக்கணுமா?”

“எல்லாம் பேசி முடிச்சாச்சு. நீ வாயை மூடு” என்று எழுந்தான் முத்துப்பாண்டி.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அழுகை வரவில்லை; ஆத்திரம்கூட அடங்கிவிட்டது. வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“கல்யாணப் பத்திரிகையில என் பேர எடுத்துட்டு, வேற பொண்ணு பேரப் போட்டுக்கங்க மச்சான்.”