முத்துமாரியின் சீட்டு

"பேரு?"

"முத்துமாரி."

நர்ஸ் மீனாட்சி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். சுருக்கென்று கோபம் வந்தது.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மார்பகப் புற்றுநோய் முகாம். பரிசோதனை செய்துகொள்ளும் பெண்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா இலவசம். டப்பாவுக்கு ஆசைப்பட்டாவது வரட்டுமே என்று யோசனை சொன்னதே மீனாட்சிதான். அதற்காக ஒரே ஆள் இரண்டு தடவையா?

"காலைல இதே நாற்காலில உட்கார்ந்து ஜாஸ்மின்னு பேர் கொடுத்தே. மீன் விக்கறேன்னே. ஒண்ணுமில்லைன்னு சீட்டும் வாங்கிட்டுப் போனே. மத்தியானம் முத்துமாரி ஆயிட்டியா?"

அவள் அசரவில்லை. "எழுதுக்கா. வயசு முப்பத்தாறு."

"ஒரு டப்பாவுக்காக இப்படி வெட்கமில்லாம..."

"டப்பா வேணாங்க்கா. வூட்ல யாருக்காவது இந்த நோவு இருந்துச்சான்னு கேப்பியே, அதக் கேளு."

என்ன திமிர்! மீனாட்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். "சரி, கேட்கறேன். இருந்துச்சா?"

"அம்மாவுக்கு இருந்துச்சு. செத்துடுச்சு. அக்காவும் அதுலதான் போச்சு. நாப்பது வயசுகூட ஆவல."

"காலைல யாருக்குமே இல்லைன்னியே?"

"அது எனக்கு. இது முத்துமாரிக்கு."

பேனா நின்றது. மதியம்தான் வந்திருந்த டாக்டர் சாய்மா இதைக் கேட்டுவிட்டாள். இருவரையும் திரைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"யாரும்மா முத்துமாரி?"

"பக்கத்து வூடு, டாக்டரம்மா. பொண்ணுக்கு வர்ற மாசம் பரிசம் போடறாங்க. முகாம்ல காட்டி சீட்டு வாங்காம வூட்டுக்கு வராதன்னு புருசன் சொல்லிட்டான். அதான் அவ பேர்ல என்னை அனுப்பிகீறா."

"அவங்களே வர வேண்டியதுதானே?"

"அத மட்டும் கேக்காதீங்க. வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிகீறேன்."

"கட்டி ஏதாவது இருக்கா?"

ஜாஸ்மின் வாயைத் திறக்கவில்லை. வலது கையைத் தூக்கித் தன் இடது மார்பின் மேல் வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எவ்வளவு நாளா?"

எட்டு விரல்களைக் காட்டினாள்.

"வாரமா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"மாசமா?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

மீனாட்சிக்குப் புரிந்துவிட்டது. அம்மாவும் போய், அக்காவும் போய், எட்டு மாதமாக ஒருத்தி கட்டியைச் சுமந்துகொண்டு பெண்ணுக்குப் பரிசப் புடவை பார்த்துக்கொண்டிருக்கிறாள். நோய் என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடுமே! அந்தப் பயம், உயிர்ப் பயத்தைவிடப் பெரிசாகப் போய்விட்டது.

"வீடு எங்கே?" என்றாள் சாய்மா.

"மூணாவது சந்து. பச்சைக் கதவு. இப்போ தனியாதான் இருப்பா."

சாய்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போயே விட்டாள்.

மீனாட்சி ஜாஸ்மின் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி! நான் முகத்தைக் கவனிக்காம உன்னை உள்ளே அனுப்பியிருந்தா, ஒண்ணுமில்லைன்னு அவ பேர்ல சீட்டு போயிருக்கும். அதை நம்பி அந்த மனுஷனும் சும்மா இருந்திருப்பான். அவ கதி என்ன ஆகியிருக்கும்? கொஞ்சமாவது யோசிச்சியா?"

ஜாஸ்மின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ சாப்பிடப் போனப்போ அந்தப் பக்கம் ரெண்டு நர்சுங்க சும்மாதான் குந்திக்கினு இருந்தாங்க. என் மூஞ்சி தெரிஞ்சது ஒனக்குத்தான்னு, நீ வர்ற வரைக்கும் அரை மணி நேரம் வெயில்ல நின்னேங்க்கா."