மெஸ்கால் படையல்
பர்பன் விஸ்கி சலித்துப்போய் வேலாயுதம் இந்த முறை மெக்சிகோ நாட்டுச் சாராயமான மெஸ்கால் வாங்கியிருந்தான். அப்பாவின் நினைவுநாள் படையலில் வழக்கமாகச் சாராயம் வைக்கும் டம்ளரில் அதையே ஊற்றினான். அம்மா முகர்ந்து பார்த்தாள். “உங்கப்பா மேல அடிக்குமே, அதே வாடைடா.” அவனும் முகர்ந்தான். விறகடுப்பில் வடித்த சாராயத்தின் அதே புகைவாடை. “இந்த நாத்தத்தோட புள்ளையத் தூக்காதீங்க” என்று அவன் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தான். அதன்பிறகு சாகும்வரை அப்பா வாசலிலேயே நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேத்தியிடம் பேசினார். படைத்ததை மூத்த மகன் குடிக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். குடித்தான். “தூக்குப்பா” என்று மகள் கைகளை விரித்தபடி ஓடிவந்தாள். வேலாயுதத்தின் கை, தோளில் இல்லாத துண்டைத் தேடியது.