மாமாவுக்கு ஒரு ஹார்டு டிஸ்க்

“கீழ விழுந்தா என்ன ஆகும்?” என்று கேட்டான் மருமகன்.

கடைக்காரர் கறுப்பு ஹார்டு டிஸ்க்கைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். “இது உள்ள தட்டு சுத்தற ரகம் சார். ஓடிட்டிருக்கும்போது விழுந்தா கஷ்டம்தான். பக்கத்துல இருக்கறது எஸ்எஸ்டி. உள்ள எதுவும் சுத்தாது. கை தவறினாலும் ஒண்ணும் ஆகாது.”

“தண்ணி பட்டா?”

“இந்த ரப்பர் உறை போட்டது இருக்கே, மழையில நனைஞ்சாலும் தாங்கும்.”

“வெயில்ல கார்லயே வெச்சுட்டா?”

மாமனார் பெருமையோடு சிரித்தார். “எங்க மாப்பிள்ளை எப்பவும் இப்படித்தான். சட்டை வாங்கினாக்கூட நூலை இழுத்துப் பாப்பாரு. நீங்க பொறுமையா பதில் சொல்லுங்க.”

அவர் மடியில் மடிக்கணினி இருந்தது. நான்கு வயதுப் பேத்தி அவர் நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

கடைக்காரர் மடிக்கணினியை வாங்கி மேசையில் வைத்து இயக்கினார். காதை அருகில் கொண்டுபோனார். உள்ளே ஏதோ டக், டக் என்று அடித்துக்கொண்டது.

“இந்தச் சத்தம் எவ்வளவு நாளா வருது?”

மருமகன் வாய் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். “எனக்கு இன்னிக்குக் காலைலதான் கேட்டுது. நம்ம காதுதான் மந்தம். இவருக்கு என்ன வந்துது? கம்ப்யூட்டரைத் தட்டித்தான் சோறு திங்கறாரு. கேக்கவே இல்லையாம்!”

“கவனிக்கல மாமா.”

“நல்ல வேளை வந்தீங்க ஐயா. இது இன்னிக்கோ நாளைக்கோன்னு இழுத்துட்டிருக்கு. உள்ள என்ன இருக்கு?”

“என் பொண்ணு இருக்கா” என்றார் மாமனார்.

சிரிக்கப்போன கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒரே மகள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்பா எடுத்த வீடியோ எல்லாம் இந்த ஒரு மடிக்கணினியில்தான் இருந்தது. வேறு பிரதி எங்கும் இல்லை.

“முக்கியமானதுன்னா ஒரே இடத்துல வைக்கக் கூடாது ஐயா. ரெண்டு டிஸ்க்குல போட்டு வீட்டுல ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு வைங்க. நெட்டுலயும் ஒரு காப்பி ஏத்திடலாம்.”

“ரெண்டு என்ன, நாலு குடுங்க!”

“இப்போதைக்கு ஒண்ணு போதும் மாமா” என்றான் மருமகன். “நெட்டெல்லாம் வேண்டாம். நம்ம வீட்டு விஷயம். கண்டவன் கண்ணுலயும் படும்.”

“அதுவும் சரிதான்” என்று மாமனார் தலையாட்டினார்.

நகலெடுக்கும் முன் கோப்புகள் நன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கக் கடைக்காரர் ஒரு வீடியோவைத் திறந்தார். ஈரத் தலையில் துண்டோடு ஒரு பெண் கேமராவைக் கையால் மறைத்தாள்.

“அப்பா, மூக்கைப் படம் எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அதான் உங்க மூக்கை எனக்கு ஒட்டவெச்சுட்டீங்களே!”

“என் மூக்குக்கு என்னடி குறைச்சல்?” என்றார் மாமனார், கடையில்.

அவர் சொல்லி முடித்த அதே நொடியில் திரையில் மகள் சிரித்தாள். பல முறை பேசிப் பழகிய பேச்சு.

மருமகன் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“தாத்தா, செருப்பு வார் அவுந்துடுச்சு” என்றாள் பேத்தி.

“உஷ்! அம்மா பேசறா.”

குழந்தை திரையைப் பார்க்கவில்லை. தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகன் மண்டியிட்டு வாரைப் பிடித்தான். அவள் காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டாள்.

“நீ வேண்டாம்ப்பா. தாத்தாதான் போடணும். முன்னாடியெல்லாம் தாத்தாதானே போடுவாங்க?”

பிரின்ட் எடுக்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் ஒரு ஹெட்போனை எடுத்து மாமனாரிடம் நீட்டினார். “இதை மாட்டிக்கிட்டு மத்த வீடியோவையும் ஓடுதான்னு பாருங்க ஐயா. அதுக்குள்ள நாங்க முடிவு பண்ணிடறோம்.”

மாமனார் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். உடனே அவர் முகம் வேறு எங்கோ போய்விட்டது.

கடைக்காரர் மூன்று டிஸ்க்குகளையும் வரிசையாக வைத்தார். எஸ்எஸ்டியை மட்டும் சற்று முன்னால் தள்ளினார்.

“இதை எடுத்துக்குங்க சார். உங்க மனசு புரியுது. உங்களுக்கும் அவங்க முகத்தைப் பாக்க வேற என்ன இருக்கு? அஞ்சு வருஷ வாரண்டி. பத்திரமா வெச்சா இந்தப் பாப்பா வளந்து பெருசாகற வரைக்கும் ஐயா தினம் உக்காந்து பாத்துட்டே இருக்கலாம்.”

மருமகன் திரும்பிப் பார்த்தான். மாமனார் திரையைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒற்றைச் செருப்போடு நின்ற குழந்தை அவர் முழங்காலைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் மேசைமேல் குனிந்தான். கடைக்காரருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

“இதுல எது சீக்கிரம் கெட்டுப்போகும்?”