நாலு முழச் சங்கிலி

"அம்மணிக்கு இன்னும் ஆறு முழம் சங்கிலி வேணும்ணா. நாலு முழத்துல அவ எப்படித்தான் நிப்பா?"

"இன்னிக்கா கேக்குற இத? அவ ஒரு ஆளக் கொன்னுட்டு நிக்கிற அன்னிக்கா?"

தனக்கோடி திரும்பிப் பார்க்காமலே கேட்டான். அம்மணியின் காதுக்குப் பின்னால் பாய்ந்திருந்த ஈட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். ஈட்டியோடு ஒரு பிடி சதையும் வந்தது. யானை அலறியது. கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் ஒரே வீச்சில் எழும்பின.

இலங்கையிலிருந்து டச்சுக்காரர்களின் ஒல்லாந்துக் கும்பனிக் கப்பலில் வந்தவள் அம்மணி. பழவேற்காட்டுக் கோட்டைக்கு வெளியே, ஏரிக்கரைக் கொட்டிலில் இரண்டு வருடமாக விலைக்கு நிற்கிறாள். தனக்கோடி அவளுக்குப் பாகன். சங்கிலியை நீட்டச் சொல்லிக் கேட்ட குப்பம்மாள், அவளுக்குத் தண்ணீர் சுமந்து, நெல் குத்திக் கஞ்சி காய்ச்சுகிறவள்.

காலையில் தனக்கோடி தழை வெட்டத் தோணியில் போயிருந்தான். திரும்பும்போதே கரையில் கூச்சல். கொட்டில் மேஸ்திரி நாகப்பன் மண்டை உடைந்து கிடந்தான். யானை மிதித்துவிட்டது என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். கல்லும் ஈட்டியுமாக ஊரே கூடிவிட்டது. ஒரு சிப்பாய் சுட்டதில் அம்மணியின் இடது கண் போயிருந்தது.

கோட்டைத் துரையான கப்பித்தான் வரும்வரை பிணத்தையும் யானையையும் யாரும் தொடக்கூடாது என்று கோட்டையிலிருந்து உத்தரவு வந்த பிறகுதான் கூட்டம் வேலிக்கு வெளியே போனது. வந்த வேகத்தில் தனக்கோடி யானையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"ரெண்டு வருசமா தொரை கால்ல வுழுந்து கேட்டேன் குப்பு. கொட்டாயப் பெருசாக்குங்க, சங்கிலிய நீட்டுங்க, ஏரியில எறக்கிக் குளிப்பாட்ட வுடுங்கன்னு. இன்னா சொன்னான்? விக்கப்போற சரக்குக்கு எதுக்கு அரண்மனைன்னான். அவனே வந்து முழம் போட்டு, நாலு முழத்துல சங்கிலிய வெட்டச் சொன்னான்."

"தெரியாதாண்ணா எனக்கு? தும்பிக்கைய நீட்டுனாகூட தொட்டித் தண்ணி அவளுக்கு எட்டல. கொடம் கொடமா நான்தானே மொண்டாந்து ஊத்துறேன்."

வேலிக்கு வெளியிலிருந்து ஒரு கல் பறந்து வந்து அம்மணியின் நெற்றியில் பட்டது.

"டேய் தனக்கோடி, உன் பொண்டாட்டியக் கட்டிப் புடிச்சு நல்லா அழுதுக்கடா! மத்தியானம் வரைக்கும்தான் இருப்பா!"

கூட்டம் சிரித்தது. அம்மணியின் கண்குழியிலிருந்து வழிந்த ரத்தம் தனக்கோடியின் தோளில் சொட்டியது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"தொரைகிட்ட சொல்லப்போறேன். கொன்னது இவ இல்ல, இந்தக் கொட்டாய்தான்னு. திரும்பி நிக்கக்கூட எடமில்லாம ரெண்டு வருசம் கட்டிப்போட்டா யாருக்குத்தான் வெறி புடிக்காது? சொன்னா வுட்டுடுவானா?"

"வுட மாட்டான்ணா. பீரங்கிய இழுத்தாரச் சொல்லிட்டானாம்."

தனக்கோடியின் கை நின்றது. பிறகு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்ததை அள்ளி ஈட்டிக் காயத்தில் அப்பினான்.

"அந்த நாகப்பன் இன்னா யோக்கியனா?" என்றாள் குப்பம்மாள். "சங்கிலி அறுத்த புண்ணுல, புழு நெளியுற எடத்துல, அங்குசத்த வுட்டுக் கிண்டுவான். அவ துடிச்சா சிரிப்பான்."

"செத்தவனப் பேசாத. நானா இருந்தா என்னிக்கோ மிதிச்சிருப்பேன்."

"சங்கிலிய நீட்டுண்ணா."

"சாவப்போறவளுக்கு எதுக்கு?"

"நீட்டுண்ணா. போன வருசம் செத்துதே ஒரு யானை, அதோட சங்கிலி. பட்டறையிலேர்ந்து நானே தூக்கியாந்துட்டேன்."

ஈர மண்ணில் சங்கிலி சுருண்டு கிடந்தது. அவள் முந்தானையைத் தோளைச் சுற்றி இறுக்கிப் போர்த்தியிருந்தாள். துணியில் சிவப்பு ஊறியிருந்தது. சங்கிலி உரசியிருக்கும் என்று தனக்கோடி நினைத்துக்கொண்டான். சாகும்போதாவது இந்த மிருகம் நாலு அடி நடக்கட்டும் என்று ஒரு பெண் இத்தனை பாரம் சுமந்து வந்திருக்கிறாள்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு அம்மணியின் பின்னங்காலருகே மண்டியிட்டான். பழைய வளையத்தில் இரண்டு அடி அடித்தான். அப்போது அம்மணி தண்ணீருக்காகத் தும்பிக்கையை நீட்டினாள். சங்கிலி விறைத்தது. நுனி துழாவித் துழாவி, எப்போதும்போலத் தொட்டிக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது.

தனக்கோடி அந்த நுனியையே பார்த்தான். பிறகு தொட்டியை. பிறகு தொட்டிக்கு அந்தப் பக்கம், மூடியிருந்த ஓலைப்பாய்க்கு வெளியே நீண்டிருந்த நாகப்பனின் பாதங்களை. ரத்தம் அங்கேதான் குட்டையாகத் தேங்கியிருந்தது. தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டுகூட இல்லை.

சுத்தியல் அவன் கையில் அப்படியே நின்றது.

ஏரியில் கப்பித்தானின் படகு தெரிந்தது. துடுப்புகள் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன.

குப்பம்மாள் முந்தானையை விலக்கினாள். தோளிலிருந்து மார்பு வரை நாகப்பனுடைய அங்குசத்தின் கொக்கி கிழித்திருந்தது.

"உலக்கைய ஏரியில போட்டுட்டேண்ணா... தொரை வந்து முழம் போடுறதுக்குள்ள, தொட்டிக்கு அந்தாண்ட எட்டுற மாதிரி கட்டிக் குடுண்ணா."