பட்டியலில் பதினொரு பேர்

மாலை நாலு மணி வெயில் கண்ணாடிச் சுவர் வழியே வந்து டீ மெஷின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அலுவலகமே ‘நியூஸ்’ என்று கூப்பிடும் புரோகிராமர் கைபேசியைப் பார்த்து அன்றைய டெக் செய்திகளை வாசிக்கிறான். எதிரே, காகிதக் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, அதே குழுவில் டெஸ்டிங் பார்க்கும் அக்கா. “இனிமே புரோகிராம் எல்லாம் மெஷினே எழுதிடுமாம்க்கா. எழுதட்டும். கிளையண்ட்கிட்ட திட்டு வாங்குறதுக்கும் அதையே அனுப்பச் சொல்லுங்க.” அக்கா சிரிக்கிற சிரிப்பில் டீ தளும்பி விரலில் வழிகிறது. “வாய் மட்டும் இல்லன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்டா.” மூன்று நாளாக இங்கே வேலை போகிறவர்களின் பெயர்தான் குழுவின் சாட் பட்டியலிலிருந்து முதலில் மறைகிறது, கடிதம் அரை மணி கழித்துத்தான் வருகிறது. அதனால் ஒவ்வொரு செய்தி முடிந்ததும் அவன் கட்டைவிரல் அந்தப் பட்டியலைத் தொட்டுவிட்டு வருகிறது. பதினொரு பேர். ஒரு செய்தி வாசிக்கிறான். பதினொரு பேர். இன்னொன்று வாசிக்கிறான். பத்து. முதலில் தன் பெயரைத் தேடுகிறான், இருக்கிறது. வந்த நிம்மதிக்கு உடனே காது மடல் சுடுகிறது. அக்காவின் பெயர் இருந்த இடத்தில், அதற்குக் கீழே இருந்த பெயர் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ஃப்ரிட்ஜ் உறுமி அடங்குகிறது. அக்கா கோப்பையைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுகிறாள். “வரேன்டா. லேப்டாப்பைத் திறந்தபடியே வச்சிட்டு வந்துட்டேன்.” “அக்கா, உட்காருங்க. இன்னொண்ணு இருக்கு, கேட்டுட்டுப் போங்க.” கேட்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட முகத்தோடு அவள் மறுபடி உட்காருகிறாள். அவன் திரையைத் தள்ளுகிறான், தள்ளிக்கொண்டே இருக்கிறான்.