இரண்டாவது விண்டோ

நாற்பத்தோராயிரம் தடவை ஓட்டியாகிவிட்டது. ஒரு தடவைகூட நடக்கவில்லை.

அவள் திரையை முறைத்தாள். அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

மணி இரண்டு பத்து. மூன்று மணிக்கு ஜெபசிங்கை உள்ளே கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள். கடிதம் தயார். அட்மின் உரிமையைத் திருடியவன் என்று அதில் இருக்கிறது. அப்படி ஒரு கடிதத்தோடு போனால் இந்தத் தொழிலில் ஒருவரும் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

ஆதாரம், சர்வர் பதிவில் ஒரே ஒரு வரி. செவ்வாய்க்கிழமை காலை 11:09. சாதாரண ஊழியனான ஜெபசிங், சர்வரில் எதையும் மாற்றக்கூடிய அட்மின் ஆகியிருந்தான். எப்படி ஆனான் என்று பதிவில் இல்லை.

பாஸ்வேர்டைத் திருடித்தான் ஆகியிருப்பான் என்று அறிக்கை எழுதியவள் அவள். பாதுகாப்புப் பிரிவில் ஒன்பது வருட அனுபவம். யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை, தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போது உறைத்தது. அதன் பிறகு சாதம் இறங்கவில்லை.

அந்த ஆபீசில் எல்லாருக்கும் ஒரு கெட்ட பழக்கம். கொடுத்த வேலை தொங்கினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் இன்னொரு விண்டோவைத் திறந்து அதே வேலையை மறுபடி கொடுப்பார்கள். எது முந்துகிறதோ முந்தட்டும்.

அவளும் செய்வாள்.

ஜெபசிங் அன்றைக்கு அதைத்தான் செய்தான். பழைய கோப்புகளை ஒதுக்கி வைக்கிற நிரல், இரண்டு விண்டோவில்.

அந்த நிரலுக்குக் கடைசியில் ஒரே ஒரு கணம் அட்மின் உரிமை வேண்டும். அதனால் அந்த இடம் வந்ததும், இந்த ஆள் இப்போது யார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும். பிறகு அவரை அட்மின் ஆக்கும். வேலை முடிந்ததும், குறித்து வைத்தபடியே திரும்ப ஆக்கிவிட்டுப் போகும்.

ஒன்று மட்டும் ஓடினால் வம்பில்லை.

முதலாவது அந்தக் கணத்தில் இருக்கும்போது இரண்டாவது நுழைந்தால்? அதன் கண்ணில் படுகிற ஜெபசிங் ஏற்கெனவே அட்மின். அப்படியே குறித்துக்கொள்ளும். முதலாவது அவனைச் சாதாரண ஆளாக்கிவிட்டுப் போகும். பின்னாலேயே இரண்டாவது, ரொம்பப் பொறுப்பாக, மறுபடி அட்மின் ஆக்கிவிட்டுப் போகும்.

கண் இமைக்கிற நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடுக்கில் அவன் மாட்டிக்கொண்டான். பாவம், அவனுக்கே தெரியாது.

அன்றைக்கே அவள் போய்ச் சொன்னதை இயக்குநர் மணிவாசகம் பொறுமையாகக் கேட்டார்.

"கதை நல்லாருக்கு மேடம். நடக்கிறத காட்டுங்க. ஆனா லைவ் சர்வர்ல கை வெச்சீங்கன்னா நீங்களும் வெளியதான்."

அதனால்தான் இரண்டு நாளாக நகல் சர்வரில் ஓட்டுகிறாள். நகலில் கூட்டம் இல்லை. எல்லாம் வரிசையில் போகின்றன. காலி ரோட்டில் எங்கே இடித்துக்கொள்ளும்?

நாற்பத்திரண்டாயிரம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபசிங் தன் மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தான். ஒரு சார்ஜர். ஒரு ஹோமியோபதி மருந்துக் குப்பி. அவ்வளவுதான் அவன் சொத்து.

அவளுக்குப் பயம்தான். வேறொன்றுமில்லை.

நகலை மூடினாள். லைவ் சர்வரைத் திறந்தாள். தன் சொந்தப் பெயரில், அட்மின் உரிமை இல்லாத சாதாரண ஆளாக நுழைந்தாள்.

இரண்டு விண்டோ.

முந்நூறு பேர் முட்டி மோதிக்கொண்டிருந்த இடம் அது. எண்ணிக்கை ஆறாயிரத்தைத் தொடவில்லை. 2:41க்கு நடந்துவிட்டது.

பதிவைத் திறந்து பார்த்தாள். அதே வரி. ஜெபசிங் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர்.

இப்போது அவள் அட்மின். நினைத்தால் அந்த வரியை அழிக்கலாம். ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

கை விசைப்பலகை மேல் இருந்தது.

மணி 2:58.

லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள். அறைக்குள் மணிவாசகம், மனிதவளப் பிரிவு ரெஜினா, எதிரே முழங்கால்மேல் கை வைத்தபடி ஜெபசிங். ரெஜினாவின் முன்னால் கடிதம். அதன் மேலேயே லேப்டாப்பை வைத்தாள்.

"லைவ்லதான் சார் பண்ணேன். என் பேர்ல. யார் பாஸ்வேர்டையும் நான் எடுக்கல. இவனும் எடுக்கல. நான் எழுதுனது தப்பு."

மணிவாசகம் அந்த வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

ரெஜினா லேப்டாப்புக்கு அடியிலிருந்து கடிதத்தை உருவினாள். மணிவாசகம் அதை வாங்கி, இரண்டாகக் கிழித்தார்.

ஜெபசிங் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"இந்த ஓட்டைய அடைக்க எவ்ளோ நேரம் ஆகும் மேடம்?"

"நாலு வரி சார். ஒண்ணு உள்ள இருந்தா அடுத்தது வெளியவே நிக்கணும். குறிச்சு வெக்கிற வேலையே வேண்டாம், முடிஞ்சதும் யாரா இருந்தாலும் சாதாரண ஆளு. டெஸ்டிங்கும் சேத்து ரெண்டு மணி நேரம்."

"சரி. அடைச்சிட்டு வாங்க." அவர் ரெஜினா பக்கம் திரும்பினார். "அதுக்குள்ள இந்த மேடத்த வெளிய அனுப்புற லெட்டர டைப் பண்ணிடுங்க."

அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள்.

ஜெபசிங் ஓடிவந்து கதவைத் திறந்து பிடித்தான்.

"நேரமாச்சு, வழிய விடுப்பா," என்றாள்.